பொன் பூசிய ரெஜிபோம்

இலங்கைக் கலியாணங்களில் மேடையின் ஓரமாக ஐந்தாறு தட்டுகளில் எழுந்து நிற்கும் கேக்கை யாரும் சாப்பிடுவதில்லை. சாப்பிடவும் முடியாது, பெரும்பாலும் உள்ளே இருப்பது ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப்பலகை. வட்டமாகவோ சதுரமாகவோ வெட்டி அடுக்கி, மேலே சீனிப்பசை போர்த்தி, பூவும் முத்தும் பொன்தாளும் ஒட்டிய கூடு அது. தொழில் செய்கிறவர்கள் அதைக் கேக் என்றே சொல்வதில்லை, ‘ஸ்ட்ரக்சர்’ என்பார்கள். வெட்டுவதற்கென்று அடித்தட்டில் ஓரிடத்தில் உள்ளங்கையளவு உண்மையான கேக்கைச் செருகி வைத்திருப்பார்கள். மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஒரே கத்தியைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தைத் தேடுவார்கள். படம் பிடிப்பவர் ‘இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்’ என்று வழிகாட்டுவார். சபை சிரிக்கும்.

சாப்பிடுகிற கேக் மண்டபத்தில் வேறெங்கோ, மட்டைப்பெட்டிகளில் சின்னச் சின்னப் பொதிகளாக இருக்கிறது. இரண்டு விரல் அகலம், கறுப்புக்குக் கிட்டின மண்ணிறம். அதற்குப் பொன் இல்லை, பூ இல்லை. விருந்தினர் வெளிக்கிடும்போது ஆளுக்கொன்று கையில் வரும்.

ஒரு கலியாணத்துக்கு இரண்டு கேக். ஒன்று மினுங்கும், மற்றது வயிற்றுக்குள் போகும். இதை முதன்முதலாகக் கேள்விப்படுகிற வெளியூர்க்காரருக்கு விசித்திரமாக இருக்கும். எனக்கோ இந்தப் பிரிவினையில் ஒரு நிம்மதி உண்டு.

கொழும்பு வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் வீட்டின் பின்னறையில் ஸ்ட்ரக்சர் செய்கிறார். ஊர் யாழ்ப்பாணம். வேலை நடக்கும்போது ஒரு கதிரையில் இருந்து பார்க்க எனக்கு அனுமதி தந்திருக்கிறார். பேசக்கூடாது என்பது நிபந்தனை.

பொன்தாள் ஒட்டுகிற நேரத்தில் அந்த நிபந்தனைக்கு அர்த்தம் புரியும். முதலில் மின்விசிறியை நிறுத்துவார். பிறகு யன்னலைச் சாத்துவார். கொழும்பின் பின்னேர வெக்கையில் கழுத்தடியில் உடனே வியர்க்கத் தொடங்கும். அதன் பிறகு வாயையும் மூக்கையும் மூடி ஒரு துணி. தாள்கள் சின்னப் புத்தகமொன்றில், மெல்லிய கடதாசிகளுக்கு இடையில் கிடக்கும். இருபத்திரண்டு அல்லது இருபத்துநான்கு கரட். ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரமாகப் பிரித்தால் கிடைக்கிற ஒரு பங்குதான் ஏறத்தாழ அதன் தடிப்பு. ஒரு தலைமயிரின் தடிப்பை எட்ட இப்படிப் பல நூறு தாள்களை அடுக்கவேண்டும். விரல் பட்டால் விரலோடு போய்விடும், திரும்பி வராது. மூச்சுப் பட்டால் தன்மேலேயே சுருண்டு ஒரு பொட்டாகிவிடும். ஆகவே உலர்ந்த, மெல்லிய தூரிகைதான் எடுக்கும். அதை எடுப்பதற்கு முன் அக்கா தூரிகையைத் தன் கன்னத்தில் ஒருமுறை தடவிக்கொள்வார். தோலின் எண்ணெய்ப்பசை சாடையாகத் தூரிகையில் ஏறும். தாள் பற்றிக்கொள்ள அது போதும். சீனிப்பசையின் மேல் ஒட்டவேண்டிய இடத்தில் மட்டும் கொஞ்சம் ஈரம். ஈரம் கூடினால் சீனி கரையும், குறைந்தால் தாள் நிற்காது.

தூரிகையிலிருந்து பொன் இறங்குகிற அந்தக் கணத்தில் அவர் மூச்சு விடுவதில்லை. நானும் விடுவதில்லை.

தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் பூசகர் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார். மந்திரம் ஓதும் சத்தம் அங்கே கேட்காது. சின்ன வயதில் அதற்குக் காரணம் கேட்டபோது அம்மம்மா, “எங்கட மூச்சு சாமியில படக்கூடாது, அதுதான்” என்றார். சரியான காரணம் அதுதானா என்று நான் ஆராயப் போகவில்லை. ஆனால் வாயைக் கட்டிய அக்காவைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சந்நிதிதான் நினைவுக்கு வருகிறது. தியானம் பழக்குகிறவர்கள் மூச்சைக் கவனி, மூச்சைக் கவனி என்று சொல்வார்கள். நான் கவனிக்கத் தொடங்கிய உடனே என் மூச்சு நாடகம் ஆடத் தொடங்கும். அக்கா தன் மூச்சைக் கவனிப்பதே இல்லை. அவர் தாளைக் கவனிக்கிறார். மூச்சு தானாகவே மரியாதையோடு ஒதுங்கி நிற்கிறது. ஐந்து தட்டுக்கும் பொன் ஒட்டி முடிய இரண்டு மூன்று மணித்தியாலம் ஆகும். முடிந்ததும் துணியை அவிழ்த்து, விசிறியைப் போட்டு, “அப்பாடா, தேத்தண்ணி குடிப்பம்” என்பார். ஏதோ பெரிய சாதனை செய்த பாவனை முகத்தில் இருக்காது.

ஒருநாள் கிழிந்துபோன தாளொன்றைத் தூரிகை நுனியில் தூக்கி, குழல்விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார். அதுவரை மஞ்சளாக இருந்தது, ஒளி ஊடுருவியதும் பச்சையாகத் தெரிந்தது. நீலம் கலந்த, குளத்தடி நீர்ப்பாசிப் பச்சை. பொன் மஞ்சளையும் சிவப்பையும் திருப்பி அனுப்புகிறது. மற்றதை உள்ளே விடுகிறது. நாம் பொன்னின் நிறம் என்று கொண்டாடுவது அது வைத்துக்கொள்ளாமல் திருப்பிக் கொடுத்ததைத்தான். மைக்கேல் பரடே 1857இல் வெளியான தன் ஆய்வொன்றில் இந்தப் பச்சையைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். விஞ்ஞானி ஒருவர் மெல்லிய பொன்தாளை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றதை நினைக்க எனக்கு மனம் நெகிழ்கிறது. கோயிலில் தீபாராதனை பார்க்கிறவரும் ஏறத்தாழ அப்படித்தான் நிற்கிறார்.

பொன்தாளைத் தின்னலாம். உணவுச் சேர்க்கைகளின் பட்டியலில் அதற்கு இ175 என்ற எண் கூட இருக்கிறது. ஆனால் நாக்குக்கு அதில் சுவை இல்லை, வயிறு அதிலிருந்து எதையும் எடுத்துக்கொள்வதும் இல்லை. வந்தபடியே போய்விடும். உலகத்தையே சண்டைக்கு இழுத்த உலோகம் உடம்புக்குள் போனால் ஒரு சோற்றுப் பருக்கைக்கும் சமம் இல்லை. அக்காவின் மகள் உதிர்ந்த துண்டொன்றை நக்கிப் பார்த்துவிட்டு, “ஒண்டும் தெரியேல்லை அம்மா” என்று முறைப்பட்டாள். அவளுக்குச் சீனி வேண்டும்.

பொன்தாள் விலை கூடினது. அதனால் இப்போது மினுக்கத்தின் பெரும்பகுதி தூளால் வருகிறது. சின்னச் சின்னப் போத்தல்களில் முத்து வெள்ளை, ரோஸ் கோல்ட், ஷாம்பேன், பழைய பொன் என்று பெயர் போட்டு விற்பார்கள். அதன் உயிர் காக்காப்பொன். நிலத்திலிருந்து எடுக்கிற அந்தக் கனிமத்தை மிக நுண்ணிய செதில்களாக்கி, அதன்மேல் டைட்டானியம் டைஒக்சைட்டையோ இரும்பு ஒக்சைட்டையோ மெல்லிய படலமாகப் படியவைக்கிறார்கள். படலத்தின் மேல்முகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும், உள்ளே போய் அடிமுகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் வெளியே சந்திக்கின்றன. சந்திப்பில் சில நிறங்கள் வலுக்கும், சில நிறங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். படலத்தின் தடிப்பு மாறினால் நிறமும் மாறும். சிப்பிக்குள் முத்து மினுங்குவதும் இதே விதியால்தான்.

இந்தத் தூளைத் தண்ணீரில் கரைத்துப் பூசக்கூடாது. தண்ணீர் சீனியைத் தின்றுவிடும். ஆகவே வொட்கா. அற்ககோல் ஒரு நிமிடத்துக்குள் ஆவியாகிப் போக, தூள் மட்டும் தங்கிவிடும். அக்கா வீட்டில் மது அருந்துபவர் யாரும் இல்லை. ஆனாலும் எசென்ஸ் போத்தல்களுக்குப் பின்னால் ஒரு வொட்காப் போத்தல் எப்போதும் இருக்கும். வீட்டுக்கு வரும் பெரியவர்கள் கண்ணில் படாமல் அதை ஒளித்து வைப்பது அவருக்கு ஒரு தனி வேலை.

இரவில் மின்சாரம் போனபோது ஒருமுறை நான் அங்கே இருந்தேன். கைபேசி வெளிச்சம் வரும்வரை சில வினாடிகள்தான். அதற்குள், அவ்வளவு நேரம் தகதகத்த தட்டுகள் வெறும் சாம்பல்நிற மொத்தைகளாக நின்றன. தூள் அப்படியேதான் இருந்தது, எங்கும் போகவில்லை. சைவ சித்தாந்தத்தில் ஆன்மாவுக்குப் படிகத்தை உவமை சொல்வார்கள். சார்ந்ததன் வண்ணமாவது அதன் இயல்பு. பள்ளிக்கூடத்தில் சமய பாடத்துக்கு அதை மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். விளங்கியது அந்தச் சில வினாடிகளில்தான் என்று சொன்னால் மிகையாகாது. தூளுக்குச் சொந்தமாக ஒளி இல்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒளி வரும்போது அதை வாங்கித் திருப்பிக் கொடுக்க மட்டும்.

எங்கள் பெரியப்பா ஒருவருக்கு இந்த ஸ்ட்ரக்சர் விவகாரம் கொஞ்சமும் பிடிக்காது. “பொய்க் கேக்குக்கு இவ்வளவு காசோ?” என்று ஒவ்வொரு கலியாணத்திலும் கேட்பார். அவர் கேள்வியைத் தட்டிக்கழிக்க எனக்கு விருப்பமில்லை. ஒரு சடங்கின் நடுவில் வெறும் கூட்டை நிறுத்தி வைப்பது நேர்மையான காரியமா என்பது நியாயமான கேள்விதான்.

கலியாணக் கேக் பிறந்தது ஒரு படையலாக. பழைய உரோமில் மிகப் பழைமையான திருமண முறையொன்றில் ஃபார் என்னும் கோதுமை வகையால் செய்த அப்பத்தை யூப்பிட்டருக்குப் படைத்து, பத்துச் சாட்சிகள் முன்னிலையில் மணமக்கள் பகிர்ந்து உண்பார்கள். அதில் அலங்காரம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. மா இருந்தது, தெய்வம் இருந்தது, போதுமாக இருந்தது. தட்டுத்தட்டாக எழுகிற வடிவம் மிகவும் பிந்தியது. லண்டன் ஃபிளீட் வீதியில் சென் பிரைட்ஸ் தேவாலயத்தின் கோபுரம் அடுக்கடுக்காகச் சிறுத்துக்கொண்டே போகும்; கிறிஸ்டோபர் ரென் கட்டியது. அதைப் பார்த்துப் பார்த்து அந்தப் பகுதிப் பேக்கரிக்காரர் ஒருவர் தன் மணநாளுக்கு அதே வடிவில் கேக் செய்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதைதான். இருந்தாலும் எனக்கு அது பொய்யாக இருக்கவேண்டாம் என்றிருக்கிறது. கலியாண மேடையில் நிற்கும் மினுங்கும் அடுக்கு ஒரு கோபுரத்தின் நகல் என்றால் அதை நான் வேறு கண்ணால் பார்க்கலாம்.

விக்டோரியா மகாராணியின் 1840ஆம் ஆண்டுக் கேக் முந்நூறு இறாத்தல் என்று சொல்வார்கள். ஆனால் அது உயரமாக எழவில்லை. தேர்ச்சில்லுப் போல அகன்று கிடந்த ஒற்றைக் கேக், உச்சியில் சீனிச் சிலைகள். அவருடைய மூத்த மகளின் 1858ஆம் ஆண்டுக் கலியாணத்தில் கேக் உயர்ந்தது. ஆனால் அடித்தட்டு மட்டும்தான் கேக். மேலே எழுந்ததெல்லாம் வெறும் சீனி வேலைப்பாடு. எல்லாத் தட்டும் உண்மையான கேக்காகவே அமைந்தது 1882இல், அவருடைய மகன் இளவரசர் லியோபோல்டின் கலியாணத்தில். அதாவது அடுக்குக் கேக் பிறந்தபோதே உள்ளே வெறுமையாகத்தான் பிறந்தது. பெரியப்பாவுக்கு இதைச் சொன்னேன். “வெள்ளைக்காரன் செய்தால் சரியோ?” என்றார். அதுவும் நியாயம்.

இரண்டாம் உலகப் போரின்போது வெறுமை இன்னும் வெளிப்படையாயிற்று. சீனிக்குப் பஞ்சம். 1940இல் பிரிட்டிஷ் அரசு கேக்கின் மேல் சீனி ஐசிங் பூசுவதையே தடைசெய்தது. கலியாணங்கள் நிற்கவில்லை. கடைகள் மட்டையாலும் பாரிஸ் சாந்தாலும் மூன்று தட்டுக் கேக்கின் வடிவில் வெள்ளைக் கூடுகளைச் செய்து வாடகைக்குக் கொடுத்தன. கூட்டைத் தூக்கினால் உள்ளே அயலவர்களின் பங்கீட்டு அட்டைகளிலிருந்து சேர்த்த வெண்ணெயிலும் உலர்பழத்திலும் செய்த சின்னக் கேக் இருக்கும். இரவுக் குண்டுவீச்சுக்கு இடையில் இரண்டு பேர் மட்டைக் கூட்டின் முன்னால் நின்று படமெடுத்துக்கொண்டதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சீனிப் பங்கீடு அங்கே 1953 வரை நீடித்தது. நடுவில் 1947இல் எலிசபெத் இளவரசியின் கேக் மட்டும் நான்கு தட்டுகளாக ஒன்பது அடி எழுந்தது, ஐந்நூறு இறாத்தல். அதற்குரிய பொருள்கள் கடல் கடந்து வந்தன.

யாழ்ப்பாணத்தில் இதற்கு நேர்மாறாக நடந்தது. 1990க்குப் பிறகு பல ஆண்டுகள் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பொருளாதாரத் தடை இருந்தது. தேத்தண்ணிக்குச் சீனி இல்லாமல் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்த காலம். சின்னம்மாவின் கலியாணம் அப்போதுதான் நடந்தது. கேக் இருந்தது, ஸ்ட்ரக்சர் இல்லை. தாச்சியில் மணல் பரப்பி, அதன்மேல் தட்டை வைத்து, மூடியின் மேலே சிரட்டைத் தணல் போட்டு அம்மா அதை வேகவைத்தெடுத்தார். கஜுவுக்குப் பதில் கச்சான். பூசணித் தோசி மட்டும் ஊரிலேயே செய்தது, அதனால் நிறையப் போட்டார்கள். வெட்டி, எண்ணெய்த் தாளில் சுற்றி, நூல் கட்டிக் கொடுத்தார்கள். கலியாணப் படங்களில் கேக்கே இல்லை. அதைத் தின்றவர்கள் இன்றைக்கும் ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் தொலைபேசியில் கதைக்கும்போது அந்தக் கச்சான் கேக்கைப் பற்றிச் சொல்கிறார்கள்.

ஆகவே இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் எதை எடுப்பேன் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இரண்டும் கிடைக்கும்போது மினுங்குகிறதைப் பழிப்பது ஏன்?

நல்லூர் முருகனை அலங்காரக் கந்தன் என்கிறோம், சந்நிதி முருகனை அன்னதானக் கந்தன் என்கிறோம். ஒரே முருகன். ஓரிடத்தில் கண்ணுக்கு விருந்து, ஓரிடத்தில் வயிற்றுக்கு விருந்து. நல்லூரில் மூலஸ்தானத்தில் இருப்பது வேல். இருபத்தைந்து நாள் திருவிழாவில் வீதிக்கு வரும் பட்டும் மாலையும் மணியும் கிரீடமும் எல்லாம் அந்த ஒற்றை வேலைச் சுற்றி எழுப்பியவைதான். மாலை எடுத்துவிட்டால் வேல் குறைந்துபோகாது. மாலை போட்டதால் கூடிவிடவும் இல்லை. பிறகு யாருக்காக? பார்க்கிற எங்களுக்காகத்தான். கண்ணுக்குப் பசி உண்டு என்பதை எங்கள் கோயில்கள் வெட்கப்படாமல் ஒப்புக்கொண்டிருக்கின்றன. (அலங்காரத்துக்குப் பேர்போன அந்தக் கோயிலில் அர்ச்சனைச் சீட்டின் விலை காலங்காலமாக ஒரு ரூபாய்தான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.) அடுத்த நாள் காலையில் மாலைகளைக் களைவார்கள், சந்தனத்தைக் கழுவுவார்கள், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். களைவதற்கு யாரும் துக்கப்படுவதில்லை.

கோயில் அலங்காரத்தையும் கலியாண மண்டபத்து ரெஜிபோமையும் ஒரே மூச்சில் சொல்லலாமா என்று சிலர் கோபிக்கலாம். நான் ஒப்பிடுவது பொருள்களை அல்ல, கைகளை. ஸ்ட்ரக்சரும் களையப்படுகிற அலங்காரம்தான். பலர் அதை வாடகைக்குத்தான் எடுக்கிறார்கள். சனிக்கிழமை இரவு மண்டபத்திலிருந்து வான் வண்டியில் திரும்பி வரும். யாரோ பிள்ளை விரலால் குத்திப் பார்த்த தடம் அடித்தட்டில் இருக்கும். கொழும்பின் ஈரக்காற்றில் சீனிப்பசை வியர்த்து, முத்து வெள்ளை இடைக்கிடை பிசுபிசுத்திருக்கும். சீனியால் செய்த ரோசாவின் ஓரிதழ் உடைந்திருக்கும். அக்கா ஒன்றையும் பற்றி முறைப்படுவதில்லை. உடைந்ததைக் கழற்றுவார், தூசியைத் தட்டுவார், போன கிழமை வெள்ளையாக இருந்ததை இந்தக் கிழமை பழைய பொன்னாக்குவார். இப்போதைய நாகரிகம் அரிசித்தாள் மாதிரி மெல்லிய வேஃபர் தாளைச் சுருக்கிச் சுருக்கி ஒட்டுவது, ஐசோமோல்ட் என்னும் சீனி வகையை உருக்கிக் கண்ணாடிக் கப்பற்பாய்போல வளைத்து நிறுத்துவது. அடுத்த வருடம் என்னவென்று அவருக்கும் தெரியாது. முன்பு தட்டுகளுக்கு இடையில் சின்னப் பிளாஸ்டிக் படிக்கட்டு வைத்து, அதில் தோழிப்பெண் பொம்மைகளை நிறுத்துவார்கள். அந்தப் பொம்மைகள் ஒரு பழைய பால்மா ரின்னுக்குள் இன்னும் கிடக்கின்றன. வீச மனம் வரவில்லையாம்.

பொய் எங்கே இருக்கிறது என்றால், மினுங்குகிறது தன்னைச் சாப்பாடு என்று சொல்லிக்கொள்ளும் இடத்தில். 2018இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரு பிறந்தநாள் கேக்கைச் சாப்பிட்ட ஆறு பிள்ளைகளுக்கு வாந்தியும் வயிற்றோட்டமும் வந்தது. விசாரித்தபோது, கேக்கின் மேல் தடித்துப் பூசியிருந்த ரோஸ் கோல்ட் தூளில் இருந்தது பெரும்பாலும் செம்பு. அது சாப்பிடுவதற்கென்று செய்த தூளே இல்லை. இப்படிப்பட்ட தூள்கள் கடையில் சாப்பிடக்கூடியவற்றோடு ஒரே தட்டில்தான் நிற்கின்றன. நஞ்சில்லை என்று போத்தலில் எழுதியிருந்தால் சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை. நஞ்சில்லாத பென்சிலை யாரும் தின்பதில்லை. சாப்பிடக்கூடியது என்றால் என்னென்ன சேர்ந்தது என்ற விபரம் உணவுப் பொருளுக்குரிய மாதிரி போத்தலில் இருக்கவேண்டும். இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கவேண்டும். சாப்பிடலாம் என்று ஒருகாலத்தில் ஒப்புக்கொண்டவையும் பிறகு ஒதுக்கப்படுகின்றன. டைட்டானியம் டைஒக்சைட்டை ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் உணவிலிருந்து விலக்கிவிட்டது.

அக்கா இதில் கண்டிப்பு. ரெஜிபோமுக்கு ஒரு பெட்டி, கேக்குக்கு ஒரு பெட்டி. தூரிகைகளும் வேறு வேறு. பிடிகளில் சிவப்பு நூலும் வெள்ளை நூலும் சுற்றியிருக்கிறார். “கண்ணுக்குப் போறது வயித்துக்குப் போகக்கூடாது தம்பி” என்று ஒருமுறை சாதாரணமாகச் சொன்னார், ஏதோ காய்கறி நறுக்கும் பலகையைப் பற்றிச் சொல்வதைப்போல. நான் அதைப் பலநாள் மனதில் வைத்துக்கொண்டு திரிந்தேன். எனக்குள்ளும் இரண்டு பெட்டிகள் வேண்டும் என்று பட்டது. மேடையில் பேசுகிற வார்த்தை, முகநூலில் போடுகிற படம், சபையில் கட்டுகிற பட்டு வேட்டி: இவற்றையெல்லாம் ஒழித்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வைராக்கியமும் வரவில்லை. மினுங்கட்டும். அவற்றை நானே சாப்பிட்டுப் பசியாறப் பார்க்கும்போதுதான் வயிறு கெடுகிறது. நாலு பேர் சொன்ன புகழைத் தின்று எத்தனை இரவு பட்டினி கிடந்திருக்கிறேன்.

கறுப்புக் கேக்கின் வேலை பொன் வேலைக்கு முன்பே தொடங்கிவிடும். உலர்ந்த முந்திரிகை, செரி, பூசணித் தோசி, இஞ்சித் தோசி, சௌசௌ, கஜு எல்லாவற்றையும் பொடிப்பொடியாக வெட்டவேண்டும். இயந்திரத்தில் போட்டால் களியாகிவிடும், கத்தியால்தான் வெட்டவேண்டும். வெட்டியதைப் பிராந்தியில் ஊறப்போட்டு நாட்கணக்காக, சிலர் மாதக்கணக்காக, மூடி வைப்பார்கள். பிறகு வறுத்த ரவை, வெண்ணெய், நிறைய முட்டை, கறுவா, கராம்பு, ஏலம், சாதிக்காய், தேன், ரோஸ் எசென்ஸ். மெல்லிய சூட்டில் நெடுநேரம் வேகவேண்டும். வெந்த பிறகும் அவசரப்பட்டு வெட்டக்கூடாது. இருக்க இருக்கத்தான் ஒன்றுக்குள் ஒன்று இறங்கும். வாழ்நாளில் பிராந்தியை முகர்ந்தும் பார்க்காத மாமிமார் இரண்டாவது துண்டையும் எடுத்துச் சேலைத்தலைப்பில் முடிந்துகொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். தெரிந்துதான் செய்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

இத்தனை பொருளும் சேர்ந்து வெளியே வருவது ஒரு கறுப்புக் கட்டி. அதில் எது கறுவா, எது இஞ்சி என்று கண்ணால் பிரிக்க முடியாது. நாக்குக்குத்தான் தெரியும், அதுவும் மெதுவாகத் தின்றால். சீனியும் மதுவும் காப்பதால் கெடாமல் மாதக்கணக்கில் இருக்கும். கலியாணத்துக்கு வரமுடியாமல் போன நோயாளிக்கும், கடல் கடந்து இருக்கிறவர்களுக்கும் அதனால்தான் துண்டு போய்ச் சேருகிறது. இங்கிலாந்தில் முற்காலத்தில் கன்னிப்பெண்கள் கலியாணக் கேக் துண்டைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுப்பார்களாம், வருகிற மாப்பிள்ளை கனவில் தெரிவாரென்று. பொன் பூசிய மேல்தட்டைத் தலையணைக்குக் கீழே வைக்க யாரும் நினைத்ததாகக் கேள்விப்படவில்லை.

ஒரு ஸ்ட்ரக்சர் முடிந்த பின்னேரம். அதைச் சுற்றி வந்து பார்த்தேன். முன்பக்கமும் இரண்டு பக்கவாட்டும் நிறைந்திருந்தன. பின்பக்கம் வெறும் வெள்ளை. சீனிப்பசையின் இரண்டு ஓரமும் சந்திக்கும் கோடு மேலிருந்து கீழ்வரை அப்படியே தெரிந்தது. முத்துத்தூள் பாதியில் நின்றிருந்தது. எனக்குள் இருந்த பக்திமான் சற்று ஏமாந்துபோனான். யாரும் பார்க்காத பக்கத்தையும் இறைவன் பார்க்கிறான் என்று செதுக்கிய சிற்பிகளைப் பற்றி எத்தனை கதைகள் படித்திருக்கிறோம்.

“பின்பக்கம் இன்னும் செய்யேல்லையோ அக்கா?”

“அது சுவரைத்தானே பாக்கப்போகுது. முடிஞ்சுது.”

நான் கதைகளில் படித்ததைச் சாடையாகச் சொன்னேன். அவர் சிரித்தார். “பின்பக்கத்துக்கும் பூ வைக்கலாம் தம்பி, ஏன் வைக்கேலாது? ரெண்டு மணித்தியாலம் போகும். அந்த நேரத்துக்கு நான் ஐம்பது துண்டு சுத்திப்போடுவன். நாளைக்கு முந்நூற்றைம்பது பேர் வருகினம், இன்னும் பாதி கிடக்கு.”

சொல்லிக்கொண்டே வெட்டி வைத்த கேக் தட்டை மேசையின் நடுவுக்கு இழுத்தார். எண்ணெய்த் தாள் கட்டொன்றை என் பக்கம் தள்ளினார். “சும்மாதானே இருக்கிறியள். கையைக் கழுவிப்போட்டு வாங்கோ. மூலையை இறுக்கி மடியுங்கோ, இல்லாட்டி வெண்ணெய் கசியும்.”